சீனப் பண்டிகை அலங்காரங்களைக் குழந்தைகளோடு வீட்டிலேயே செய்வது எப்படி?

ஈசூன்_அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகனும் ஐந்து வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். எங்கள் தளத்தில் பெரும்பாலானவை சீனக் குடும்பங்கள். தீபாவளிக்கு நாங்கள் முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்புவோம். சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் மாண்டரின் ஆரஞ்சும் அன்னாசிப் பலகாரமும் கொண்டுவந்து தருவார்கள். 2026 பிப்ரவரி 17 அன்று குதிரை ஆண்டு பிறக்கிறது. அதற்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சில அலங்காரப் பொருள்களைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடைகளில் விற்கும் கைவினைப் பெட்டிகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் முன்பே வெட்டி, பின்புறம் பசை தடவி வருகின்றன. குழந்தை செய்ய வேண்டியது உரித்து ஒட்டுவது மட்டுமே. பாலர் பள்ளியில், பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு அங்பாவ் உறைகளைக் கொண்டு விளக்குக்கூடு செய்கிறார்கள், அது நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் சீன வீடுகளில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் கூடி உட்கார்ந்து உண்மையிலேயே கையால் செய்துவந்தவை எவை, அவற்றுள் இந்த வயதுப் பிள்ளைகளால் முடிந்தவை எவை, விவரம் தெரியாமல் செய்து அண்டை வீட்டார் மனம் நோகும்படி ஆகிவிடக்கூடியவை எவை என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். செய்தவற்றை நம் வீட்டு வாசலிலும் தொங்கவிடலாமா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

வடதிசை எழுதியது:

வணக்கம் சகோதரி. பணியின் பொருட்டு ஷான்சி மாநிலத் தலைநகரான சியானில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். ஜியென்ஜி எனப்படும் தாள்வெட்டுக் கலையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. ஒரு கத்தரிக்கோலும் மெல்லிய சிவப்புத் தாளும் இருந்தால் போதும். வீட்டுப் பெண்கள் தம் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் கற்றுக்கொடுத்து வளர்ந்த கலை அது.

வட சீனத்தில் சாளரங்களுக்குக் கண்ணாடி வருவதற்கு முன், மரச்சட்டங்களின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிக் குளிர்காற்றைத் தடுத்தார்கள். ஆண்டு முழுவதும் புகையும் தூசியும் படிந்து பழுப்பேறிய அந்தத் தாளை, சீன நாள்காட்டியின் பன்னிரண்டாம் மாதக் கடைசியில் வீட்டைக் கூட்டித் துடைக்கும் நாள்களில் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டுவார்கள். அந்தப் புதுத் தாளின் மேல்தான் சுவாங்ஹுவா எனப்படும் சிவப்புச் சாளரப் பூக்கள் ஏறும். குளிர்காலத்து வெளிறிய வெயில் வெளியிலிருந்து படும்போது அறைக்குள் இருப்பவர்களுக்கு அந்தச் சிவப்பு ஒளிர்ந்து தெரியும். ஆகவே தாளில் எவ்வளவை எடுப்பது, எவ்வளவை விடுவது என்பதை அந்த ஒளியை மனத்தில் வைத்தே முடிவு செய்தார்கள். வட ஷான்சியில் மண்குன்றைக் குடைந்து அமைத்த யாவ்தோங் வீடுகளுக்கு முகப்பிலுள்ள பெரிய சாளரம் ஒன்றே வெளிச்சம் வரும் வழி. அன்சாய் வட்டாரத்தின் தாள்வெட்டு இவ்வளவு துணிச்சலான, பெரிய வடிவங்களோடு வளர்ந்ததற்கு அந்தச் சாளரமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஹான் அரசவையில் சாய் லுன் தாம் மேம்படுத்திய காகிதத்தை அரசரிடம் அளித்தது கி.பி. 105-இல். இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தாள்வெட்டுகள், சின்ஜியாங்கில் துர்ஃபானுக்கு அருகிலுள்ள அஸ்தானா கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவை 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வட்டத் தாளைப் பலமுறை மடித்து வெட்டிய அவற்றுள் ஒன்றில் இணைக்குதிரைகளும் மற்றொன்றில் இணைக்குரங்குகளும் இருக்கின்றன. குதிரை ஆண்டுக்காக உங்கள் மகன் தாளை ஒருமுறை மடித்து ஒரு குதிரையை வெட்டினால், பிரிக்கும்போது இரண்டு குதிரைகள் எதிரெதிரே நிற்கும். அந்தப் பாலைநிலத்து ஊரில் யாரோ செய்த வேலையைத்தான் தன் கையும் செய்திருக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள். சீனத் தாள்வெட்டை யுனெஸ்கோ 2009-இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனி முறைக்கு வருகிறேன். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் கிடைக்கும். அதன் நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கி மூன்று சம பாகங்களாக்கினால், அறுமடிப்பு அமையும். பிரிக்கும்போது ஆறு இதழுள்ள வட்டப்பூ வரும். அடிப்படை வெட்டுகள் இரண்டே. ஒன்று பிறைவெட்டு: இதழின் நரம்பு, பறவையின் இறகு, மீனின் செதில் ஆகியவை இதனால் வருபவை. மற்றொன்று ரம்பப்பல் வெட்டு: விலங்கின் மயிரும் பூவின் விளிம்பும் இதனால் அமையும். கத்தரிக்கோல் பிடித்த கை ஏறத்தாழ ஓரிடத்திலேயே நிற்க, தாள் பிடித்த கைதான் திரும்ப வேண்டும். இதைக் குழந்தைக்கு முதலில் பழக்கிவிட்டால் வளைவுகள் தாமாகவே சீராக வரும். உள்ளேயுள்ள சிறு துளைகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியாக வெட்ட வேண்டும். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது, தாள் கிழியும். நகலெடுக்கும் 80 கிராம் தாள் இதற்குத் தடிமன் மிகுதி. அதில் நான்கு அடுக்குக்கு மேல் சிறுவர் கத்தரிக்கோல் ஓடாது.

ஒரு செய்தியை இடையில் சொல்லிவிட விரும்புகிறேன். அச்சுப்படி இல்லாத காலத்தில், ஒரு வீட்டிலுள்ள நல்ல வடிவத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்ல ஓர் எளிய வழி வைத்திருந்தார்கள். பழைய வெட்டை ஈரமான வெள்ளைத் தாளின் மேல் படியவைத்து, எண்ணெய் விளக்கின் புகையில் காட்டுவார்கள். தாள் கறுத்ததும் மேலுள்ள வெட்டை எடுத்துவிட்டால், அது மூடியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தங்கும். அந்தப் படிமத்தை வைத்துப் புதிதாக வெட்டிக்கொள்வார்கள். வீட்டில் புகை வேண்டாம். ஒரு பழைய வெட்டைத் தாளில் வைத்து, பஞ்சில் நீலச் சாயம் தொட்டு ஒற்றியெடுத்தால் அதே விளைவு கிடைக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

பேராக்_ஆசிரியை எழுதியது:

நான் பேராக் மாநிலத்தில் ஒரு சீனத் தொடக்கப்பள்ளியில் கலைப்பாடம் எடுக்கிறேன். எங்கள் வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வடதிசை நண்பர் எழுதியதை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் ஐந்து வயது மகளுக்கு அறுமடிப்பிலிருந்து தொடங்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்த வயதில் விரல்களுக்கு ஆறு அடுக்குத் தாளை நசுக்கி வெட்டும் வலு வருவதில்லை. குழந்தை இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலையே வெறுத்துவிடும். அவளுக்கு ஒரே மடிப்பு போதும். மடிப்போரத்தில் அரைப்பூ, அரைப்பழம், அரை மீன் ஆகியவற்றைப் பென்சிலால் வரைந்துகொடுத்து வெட்டச் சொல்லுங்கள். அதற்கும் முன்படியாக, தாளைக் கையாலேயே கிழித்து உருவம் செய்யவைக்கலாம்.

விளக்குக்கூடு செய்வதும் அவளால் முடியும். இங்கே அதைத் தங்லோங் என்றுதான் சொல்வோம். ஏ4 அளவுள்ள சிவப்புத் தாளை நீளவாக்கில் மடித்து, மடிப்போரத்திலிருந்து உட்புறமாக ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள் வெட்ட வேண்டும். எதிர் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டரை வெட்டாமல் விட வேண்டும். பிரித்து, உருளையாகச் சுருட்டி ஒட்டினால் கூடு தயார். பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவதால்தான் அது தொய்ந்துபோகிறது. 18 சென்டிமீட்டர் உயரமுள்ள மஞ்சள் தாளைத் தனியாக உருளையாக்கி உள்ளே வைத்து, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் வெளித்தாளோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். வெளித்தாள் 21 சென்டிமீட்டர் என்பதால் அந்த மூன்று சென்டிமீட்டர் வெளிப்புறமாக உப்பிக்கொண்டு நிற்கும். உண்மையான விளக்கின் வயிறு அப்படித்தான் அமைகிறது.

தவிர்க்க வேண்டியவற்றைக் கேட்டிருந்தீர்கள். இணையத்தில் சீன அலங்காரம் என்று தேடினால் இரட்டை மகிழ்ச்சி எனப்படும் எழுத்துதான் முதலில் வரும். மடித்து வெட்ட எளிது என்பதால் பலர் அதைப் புத்தாண்டுக்குச் செய்துவிடுகிறார்கள். அது திருமணத்துக்கு உரியது. புத்தாண்டுக்கு வசந்தத்தைக் குறிக்கும் "சுன்", நற்பேற்றைக் குறிக்கும் "ஃபூ" ஆகிய எழுத்துகளே பொருந்தும். வெள்ளை விளக்கையும் நீலவெள்ளை விளக்கையும் வாசலில் தொங்கவிடுவது துக்க வீட்டின் அடையாளம். வண்ணம் அழகாக இருக்கிறதே என்று குழந்தை கேட்டாலும், புத்தாண்டு வாசலுக்குச் சிவப்பும் பொன்னிறமுமே இருக்கட்டும். நான்கு நான்காகத் தொங்கவிடுவதையும் முதியவர்கள் விரும்புவதில்லை. இரண்டு, ஆறு, எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் செய்த அங்பாவ் விளக்கைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். பயன்படுத்திய உறைகளைச் சேர்த்துவைத்து மறு ஆண்டு மீனாகவும் அன்னாசியாகவும் விளக்காகவும் மாற்றுவது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றிவிட்ட வழக்கம். தென் சீன ஹொக்கியன் மொழியில் அன்னாசியின் பெயர் நற்பேறு வருகிறது என்பதுபோல் ஒலிப்பதால்தான் நம் ஊர்ப் புத்தாண்டில் அந்தப் பழத்துக்கு இத்தனை மதிப்பு; வட சீனத்தில் நீங்கள் அன்னாசி அலங்காரத்தைக் காண்பது அரிது. மரபு என்றால் சியானிலிருந்து வருவது மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை.

வண்ணத்துப்பூச்சி எழுதியது:

மூவருக்கும் வணக்கம். நான் பாலர் கல்வி பயின்றவள். எனக்கு ஓர் ஐயம் உண்டு. எந்த எழுத்து எதற்கு, எத்தனை விளக்கு, எந்த வண்ணம் என்று விதிகளை அடுக்கினால் குழந்தையின் கையும் மனமும் சுருங்கிவிடாதா? ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியது தாளும் பசையும் வண்ணமும் தரும் மகிழ்ச்சி. பொருளையும் வரலாற்றையும் பத்து வயதுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாமே. ஊதா நிற விளக்கு செய்தால் என்ன குறைந்துவிடும்?

பேராக்_ஆசிரியை எழுதியது:

உங்கள் அக்கறை எனக்கும் உண்டு. ஊதா விளக்கு செய்வதில் எந்தக் குறையும் இல்லை, குழந்தையின் அறையில் தொங்கட்டும். ஆனால் இது அண்டை வீட்டாரின் பண்டிகை. அவர்களுக்குக் கொடுக்கப்போகிற பொருளில் அவர்கள் எதை விரும்புவார்கள் என்று எண்ணிப் பார்ப்பதும் குழந்தை கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றுதான். தவிரவும், என் வகுப்பில் நான் காண்பது வேறு. "இந்த மீன் ஏன்?" என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிள்ளைகள் மீனை இன்னும் கவனமாக வெட்டுகிறார்கள். செதில் எத்தனை, வால் எந்தப் பக்கம் திரும்பும் என்றெல்லாம் கேட்கிறார்கள். விடை கிடைக்காத பிள்ளைகள் ஒரு மீனோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வடதிசை எழுதியது:

ஆசிரியை அவர்கள் ஐந்து வயதைப் பற்றிச் சொன்னது சரி. அறுமடிப்பை மகனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணத்துப்பூச்சி அவர்களின் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டால் விடை சொல்ல முயல்கிறேன். ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாளான டோங்ஜி அன்று தொடங்கி, ஒன்பது நாள்கள் கொண்ட ஒன்பது பகுதிகளாக 81 நாள்களை எண்ணிக் குளிரைக் கழிப்பது வட சீனத்து வழக்கம். அதற்காக, குளிர் போக்கும் படம் ஒன்றை வரைந்து சுவரில் மாட்டுவார்கள். ஒரு பிளம் மரக்கிளை, அதில் ஒன்பது பூக்கள், ஒவ்வொரு பூவிலும் ஒன்பது இதழ்கள், எல்லாம் வெறும் கோட்டுருவில். நாளுக்கு ஓர் இதழுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். கடைசி இதழ் சிவக்கும்போது வசந்தம் வந்திருக்கும். மிங் காலத்துப் பெய்ஜிங் வாழ்க்கையை விவரிக்கும் நூலிலேயே இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. இதழுக்குப் பதிலாக வட்டங்களை வரையும் வகையும் உண்டு: மேகமூட்டமான நாளில் வட்டத்தின் மேல்பாதிக்கும், வெயில் நாளில் கீழ்ப்பாதிக்கும், காற்று வீசினால் இடப்பக்கத்துக்கும், மழை பெய்தால் வலப்பக்கத்துக்கும், பனி பெய்தால் நடுவிலும் வண்ணம் தீட்டுவார்கள். படித்தவர் வீடுகளில், ஒவ்வொன்றும் ஒன்பது கோடுகளால் ஆன ஒன்பது எழுத்துகள் கொண்ட வரியைக் கோட்டுருவில் எழுதிவைத்து நாளுக்கு ஒரு கோடு நிரப்பினார்கள். சிங் அரசவையிலும் அது இருந்தது.

இதில் விதி இருக்கிறது. ஆனால் அந்த விதியைப் பின்பற்றுவதற்காகவே குழந்தை ஒவ்வொரு நாளும் சாளரத்தருகே போய் வானத்தைப் பார்க்கிறது. சிங்கப்பூரில் பனி இல்லை, நடுப்புள்ளி வெறுமையாகவே இருக்கும். மழைப்பக்கமோ டிசம்பரிலும் ஜனவரியிலும் நிறைந்துவிடும். டிசம்பர் 21 அன்று தொடங்கினால் மார்ச் இரண்டாம் வாரத்தில் முடியும், இடையில் புத்தாண்டும் வந்துவிடும். சிங்கப்பூர்ச் சீனர்கள் டோங்ஜி அன்று தாங்யுவான் எனப்படும் அரிசிமாவு உருண்டை செய்து உண்பார்கள் என்பதால், அந்த நாளில் இதைத் தொடங்கினால் அண்டை வீட்டாரோடும் பேச ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

வண்ணத்துப்பூச்சி எழுதியது:

81 இதழ்ப் படம் எனக்குத் தெரியாத ஒன்று. வானிலையைப் பதியும் வகை பாலர் வகுப்புக்கே பொருத்தமானது. என் வகுப்பில் இதைச் செய்யப்போகிறேன். விதி என்று நான் அஞ்சியது இதையல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுமையாக ஒரே மாதிரி வந்தால்தான் ஒட்டுவேன் என்று பெரியவர்கள் குழந்தையின் வெட்டைத் திருத்துவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

நதிக்கரை எழுதியது:

நான் ஆய்வுப் படிப்புக்காக நான்ஜிங் நகரில் இருக்கிறேன். இந்த இழையில் யாரும் முயல் விளக்கைப் பற்றிச் சொல்லாததால் எழுதுகிறேன்.

முதல் மாதத்துப் பதினைந்தாம் நாள் யுவான்சியாவ், அதாவது விளக்குத் திருவிழா. 2026-இல் அது மார்ச் 3 அன்று வருகிறது. இங்கே சின்ஹுவாய் ஆற்றங்கரையில், கன்ஃபூசியஸ் கோயிலைச் சுற்றி விளக்குச் சந்தை கூடும். தாமரை விளக்கும் முயல் விளக்கும் அந்தச் சந்தையின் உயிர். நான்ஜிங், ஷாங்ஹாய், சூச்சோ ஆகிய ஊர்களின் பழைய தெருக்களில் இந்த நாளில் குழந்தைகள் முயல் விளக்கைக் கயிறு கட்டி இழுத்துச் செல்வார்கள். நான்கு சிறு மரச் சக்கரங்கள், மூங்கில் சிம்புகளால் ஆன உடல், அதன்மேல் விளிம்பை நுணுக்கமாகக் கத்தரித்து மயிர்போல் சுருட்டிய வெள்ளைத் தாள், உள்ளே ஒரு மெழுகுவத்தி. ஆசிரியை சொன்ன வெள்ளை விலக்கு இதற்குப் பொருந்தாது. முயலுக்கு வெள்ளைதான் நிறம், சிவந்த கண்ணும் காதோரச் சிவப்பும் சேர்ந்துவிடுவதால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மூங்கிலைப் பிளப்பது குழந்தை வேலை அன்று. பெரியவர்கள் சிம்புகளைத் தயார்செய்து, தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல வளைத்து நூலால் கட்டிக் கொடுக்க வேண்டும். உடலுக்கு ஒரு நீள்வட்டம், அதைக் குறுக்காகத் தாங்கும் மூன்று வளையங்கள், தலைக்கு ஒரு சிறு உருண்டை, காதுக்கு இரண்டு வளைவுகள். மூங்கில் கிடைக்காத இடத்தில் உறையிட்ட தோட்டக் கம்பியைப் பயன்படுத்தலாம். கூடு அமைந்த பிறகு வேலை முழுவதும் பிள்ளைகளுடையது. வெள்ளை மென்தாளை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒரு விளிம்பில் நெருக்கமாகக் கத்தரித்து, வாலிலிருந்து தலைநோக்கி ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி ஒட்டிக்கொண்டு போனால் மயிர் அடர்ந்து தெரியும். ஐந்து வயதுக் குழந்தை கத்தரிப்பதையும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒட்டுவதையும் பகிர்ந்துகொள்ளலாம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தாளால் ஆன விளக்கைக் குழந்தை இழுத்துப்போகும்போது உள்ளே மெழுகுவத்தி எரிவது அந்தக் காலத்தில் எத்தனையோ முயல்களைச் சாம்பலாக்கியிருக்கிறது. இப்போது மின்கல விளக்கு உண்டு. ஆனால் பொத்தான் வடிவ மின்கலம் உள்ளவற்றை வாங்கும்போது, மூடி திருகாணியால் பூட்டப்பட்டதா என்று பாருங்கள். அந்த மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடும்.

ஈசூன்_அம்மா எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியவர்களுக்கு மனமார்ந்த நன்றி. இங்கே பிள்ளைகள் விளக்கேந்திச் செல்வது எட்டாம் மாதத்து முழுநிலவில் வரும் மூன்கேக் பண்டிகையின்போதுதான் என்பதால், முயலை அதுவரை பாதுகாக்கலாமா அல்லது அப்போது புதிதாகச் செய்யலாமா என்று யோசிக்கிறேன். புத்தாண்டுக்கு அப்பாலும் குழந்தைகளோடு செய்யத்தக்கவை இருந்தால் சொல்லுங்கள்.

பச்சிலை எழுதியது:

வணக்கம். நான் குவாங்சோவில் வசிக்கிறேன், மூலிகைகளில் ஈடுபாடு உள்ளவள். ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளான துவான்வூ, நம்மவர்கள் டிராகன் படகு விழா என்று அறிவது, கைவேலையைப் பொறுத்தவரை முழுக்க முழுக்கக் குழந்தைகளுக்கான நாள். வெப்பமும் ஈரமும் பூச்சிகளும் பெருகும் பருவம் அது என்பதால், அன்று செய்யப்படுபவை எல்லாம் பிள்ளைகளை நோயிலிருந்து காப்பதற்கென்றே அமைந்தவை. வாசலில் இரண்டு செடிகளைக் கட்டுவார்கள். ஒன்று, நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த ஐ என்னும் மணச்செடி. மற்றொன்று வாள்போல் நீண்ட இலையுள்ள சாங்பூ. அந்தச் சாங்பூ வேறொன்றும் இல்லை, நம் வசம்பேதான். நாம் அதன் வேரை வளையலாகக் கோத்துக் கைக்குழந்தைக்கு அணிவிக்கிறோம். அவர்கள் அதன் இலையை வாளாக்கி வாசலில் நிறுத்துகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நான் வசம்பு வளையலைக் காட்டியபோது, அவர் அதை முகர்ந்து பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

குழந்தையோடு செய்ய வேண்டியது சியாங்பாவ் எனப்படும் மணப்பை. கான்சு மாநிலத்துச் சிங்யாங் பகுதியில் புலி, தவளை, மீன் என்று பூத்தையலோடு அவற்றைச் செய்கிறார்கள். அது பெரியவர்களின் தேர்ந்த வேலை. சிறுவர்கள் செய்வது சோங்சி வடிவப் பை. தடித்த தாளை இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, சம பக்க முக்கோணங்களாக மடித்துக்கொண்டே போய்ச் சுற்றினால், மூங்கில் இலையில் கட்டிய சோற்றுப் பொதியின் உருவம் வரும். உள்ளே சிறிது உலர்ந்த மூலிகையும் கிராம்பும் வைத்து மூடி, அதன்மேல் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து நிற நூல்களை மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். பொறுமையாகச் சுற்றினால் ஒவ்வொரு முகத்திலும் வரிகள் அழகாக விழும். மிஞ்சும் நூலை முறுக்கிக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள்; விழா முடிந்து முதல் மழை வரும்போது அதை அறுத்து மழைநீரில் விடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பழைய குறிப்புகளில் பைக்குள் மனோசிலை வைக்கச் சொல்லியிருக்கும். அது ஆர்சனிக் சேர்ந்த நஞ்சு, குழந்தைகளின் அருகில் கொண்டுவரவே கூடாது.

எட்டாம் மாதத்து முழுநிலவுக்கு, குவாங்டோங்கில் பம்பளிமாஸ் தோலால் விளக்கு செய்வார்கள். பழத்தின் மேற்பகுதியை வட்டமாக வெட்டியெடுத்து, சுளைகளை வெளியே எடுத்து, தோலில் பூவும் இலையும் செதுக்கி, மூன்று நூலில் தொங்கவிடுவார்கள். வெளிப்பச்சையை மட்டும் சீவி வெண்பஞ்சை விட்டால் அந்த இடம் மங்கலாக ஒளிரும். முழுக்கத் துளைத்தால் அந்த இடம் பளிச்சிடும். இந்த இரண்டு வகை வெளிச்சத்தையும் ஒரே தோலில் காட்டுவதுதான் இதன் அழகு. ஆசிரியை அவர்கள் பேராக்கில் இருப்பதால், ஈப்போவுக்கு அருகிலுள்ள தம்பூன் பம்பளிமாஸ் அவருக்கு எளிதில் கிடைக்கும்.

பேராக்_ஆசிரியை எழுதியது:

தம்பூன் பழம் கிடைக்கும், கட்டாயம் செய்து பார்ப்போம். அந்தப் பருவத்தில் இங்கே சீன வீட்டுப் பிள்ளைகளின் தலையில் பம்பளிமாஸ் தோல் தொப்பியாக ஏறுவதையும் பார்க்கலாம்.

ஈசூன் சகோதரியின் முதல் கேள்விகளில் ஒன்று விடையில்லாமல் நிற்கிறது. உங்கள் வீட்டு வாசலில் தொங்கவிடலாமா என்றால், விளக்கும் சாளரப் பூவும் தாராளமாகத் தொங்கவிடலாம். பண்டிகையைக் கொண்டாடும் தெருவில் நம் வாசலும் சிவந்திருப்பதைச் சீன அண்டை வீட்டார் மகிழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வார்கள். வாயிற்காப்புத் தெய்வங்களின் படங்களை மட்டும் நான் விட்டுவிடுவேன், ஏனெனில் அவை வழிபாட்டோடு சேர்ந்தவை. கதவின் இருபுறமும் ஒட்டும் சுன்லியென் எனப்படும் இணைவரிகளை அண்டை வீட்டுப் பெரியவர் எவரேனும் தூரிகையால் எழுதித் தந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. அவர் எழுத, பிள்ளைகள் மை அரைத்துத் தரட்டும். கதவைப் பார்த்து நிற்கும்போது முதல் வரி வலப்பக்கத்திலும் இரண்டாம் வரி இடப்பக்கத்திலும் வர வேண்டும். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், அவரிடமே கேட்டு ஒட்டுங்கள்.

மகன் தானே தூரிகை பிடிக்க விரும்பினால் சாய்சதுரச் சிவப்புத் தாளில் "மன்" என்ற எழுத்தை எழுதட்டும். நிறைவு என்று பொருள்படும் அதை அரிசிப் பாத்திரத்தில் ஒட்டுவது இப்பக்கத்துச் சீன வீடுகளின் வழக்கம். அது உங்கள் சமையலறைக்கும் பொருந்தும். விளக்குகளைப் பதினைந்தாம் நாளுக்குப் பிறகு எடுத்துவிடலாம். இணைவரிகள் அடுத்த புத்தாண்டு வரை அப்படியே இருக்கும்.

ஈசூன்_அம்மா எழுதியது:

தெளிவாகிவிட்டது ஆசிரியை. டோங்ஜி அன்று 81 இதழ்ப் படத்தைத் தொடங்குகிறோம். மகன் இணைக்குதிரைகளை வெட்டுவான், மகள் உப்பிய தங்லோங்கும் ஒற்றை மடிப்பு மீனும் செய்வாள். எதிர்வீட்டுப் பாட்டியிடம் இணைவரிகளைப் பற்றிக் கேட்டேன். தம் அண்ணன் நன்றாக எழுதுவார் என்றும் புத்தாண்டுக்கு முந்திய வாரம் அவரை அழைத்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார். கடைசியாக ஒன்று: சாளரக் கண்ணாடியில் மெல்லிய தாளை எந்தப் பசையால் ஒட்டுவது? ஒட்டுநாடா ஒட்டினால் எடுக்கும்போது கிழிகிறது, வெள்ளைப் பசை தடவினால் சிவப்புச் சாயம் கரைந்து வழிகிறது.

வடதிசை எழுதியது:

அங்கே பயன்படுத்துவது கோதுமை மாவுப் பசைதான். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் பளபளக்கத் தொடங்கியதும் இறக்கி, முற்றிலும் ஆறவிடுங்கள். சூடாகவோ நீர்த்தோ தடவினால்தான் சாயம் கரையும். நம் ஊரில் புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் வேண்டாம். தேவையான அளவுக்குச் செய்து, மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தாள் முழுவதும் தடவ வேண்டியதில்லை. வெட்டின் பின்புறத்தில் நடுவில் ஒன்றும் இதழ் நுனிகளில் ஒவ்வொன்றுமாகத் தீக்குச்சி முனையால் புள்ளி வைத்து, கண்ணாடியின் உட்புறத்தில் வைத்து, உலர்ந்த துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒற்றுங்கள். எடுக்கும்போது ஈரத்துணியை அந்தப் புள்ளிகளின் மேல் சிறிது நேரம் வைத்தால் தாள் கிழியாமல் கழன்றுவரும். நன்றாக வந்த வெட்டுகளைப் பழைய நாளிதழுக்குள் வைத்துப் பாதுகாத்தால் அடுத்த ஆண்டு அவற்றை வைத்து ஒற்றியெடுத்துக்கொள்ளலாம்.